30 வருடம் நின்ற மூக்கு பென்ஸ் எல் 312: ஸ்டார்ட் பண்ணும் முன் பம்பில் என்ன பார்க்க வேண்டும்?

மூக்குவண்டி_312:

வணக்கம். ஓஎம் 312 டீசல் என்ஜினோடு ஒரு மூக்கு பென்ஸ் லாரி, எல் 312. கடைசியாக ஓடி 30 வருடத்துக்கு மேல் ஆகிறது. கூரைக்குக் கீழே நின்றதால் கேபின் நன்றாகவே இருக்கிறது, சேஸிஸில் மேல்துரு மட்டும்தான். இதுவரை செய்தது: என்ஜின் சேம்பர் ஆயிலை இறக்கியாயிற்று (தண்ணீர் வரவில்லை, அடியில் பிசின் மாதிரி கசடு). சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கும் ஆறு நாசிலையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்) ஆயிலும் சரிபாதி கலந்து 40 மில்லி ஊற்றி 10 நாள் ஊறவிட்டேன். கிராங்க் நட்டில் பாரை மாட்டித் திருப்பினால் முழுச் சுற்று வருகிறது. எங்கும் இடிக்கவில்லை.

இனி மூன்று சந்தேகம். ஒன்று, கேபினில் இருக்கும், என்ஜினை அணைக்கும் ஸ்டாப் நாப் அசையவே இல்லை. டீசல் பம்பில் லீவரைக் கையால் தள்ளினாலும் இறுக்கமாக நிற்கிறது. நாசிலை மாட்டி, இன்னொரு வண்டியால் இழுத்துக் கியரில் விட்டால் தானாக விட்டுக்கொடுக்கும் என்கிறார்கள். செய்யலாமா? இரண்டு, ஆறு டயரும் தட்டை, லாக் ரிங் (டயரை வீல் டிஸ்க்கில் பிடித்துவைக்கும் இரும்பு வளையம்) துருப்பிடித்து டிஸ்க்கோடு ஒட்டியிருக்கிறது. வீலைக் கழற்றும்போது என்ன கவனிக்க வேண்டும்? மூன்று, கதவில் மேல்பெயிண்ட் உரிந்த இடத்தில் கையால் எழுதிய பழைய எழுத்து தெரிகிறது. அதைக் காப்பாற்ற வழி உண்டா?

கவர்னர்_தோல்:

முழுச் சுற்று வருகிறது என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. இழுத்து ஸ்டார்ட் பண்ணும் யோசனையை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள். ஸ்டாப் அசையாத வண்டியை இழுத்துக் கிளப்பினால் அப்புறம் அதை நிறுத்த வழி கிடையாது. இந்த என்ஜினில் அது சும்மா பயமுறுத்தல் இல்லை, காரணத்தைச் சொல்கிறேன்.

ஓஎம் 312ல் இருப்பது பாஷ் லைன் பம்ப், அதன் பின்முனையில் காற்றிழுப்புக் கவர்னர். ஆக்ஸிலேட்டர் மிதித்தால் பம்பின் ராக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பல் வைத்த தண்டு) நேரடியாக நகராது. இன்டேக் வாயில் இருக்கும் பட்டாம்பூச்சித் தட்டுதான் திரும்பும். அங்கே உண்டாகும் வெற்றிடம் ஒரு மெல்லிய குழாய் வழியாகக் கவர்னர் அறைக்கு வந்து, அங்குள்ள தோல் டயாஃப்ரத்தை இழுக்கும். டயாஃப்ரம் ராக்கை ஸ்டாப் பக்கம் இழுக்கப் பார்க்கும், ஸ்பிரிங் அதை முழு டீசல் பக்கம் தள்ளப் பார்க்கும். இந்த இழுபறியில்தான் வேகம் கட்டுப்படுகிறது. இப்போது தோல் காய்ந்து கிழிந்திருந்தாலோ, அந்தக் குழாயில் விரிசல் இருந்தாலோ, யூனியன் நட் லூஸாக இருந்தாலோ இழுக்க ஆள் இல்லை. ஸ்பிரிங் தன் இஷ்டத்துக்கு ராக்கை முழு டீசலுக்குத் தள்ளிவிடும். பெடலில் காலே வைக்காமல் என்ஜின் கத்திக்கொண்டு ஏறும். ராக் நடுவில் எங்காவது ஒட்டியிருந்தாலும் கதை அதுதான்.

இழுத்துக் கிளப்புவதில் இன்னொரு ஆபத்து உண்டு. வண்டி சரிவில் கியரோடு பின்னால் உருண்டால் டீசல் என்ஜின் தலைகீழாகச் சுற்றி எரியவும் செய்யும். அப்போது அது சைலன்சர் வழியே காற்றை இழுத்து ஏர் கிளீனர் வழியே புகை விடும். இன்டேக்கில் வெற்றிடமே இருக்காது, கவர்னர் செத்ததுபோல் ஆகிவிடும், ஆயில் பம்பும் தலைகீழாகச் சுற்றுவதால் பிரஷர் வராது. ஏர் கிளீனரில் புகையைப் பார்த்தால் யோசிக்கவே வேண்டாம்: டாப் கியரில் பிரேக்கை அழுத்தி கிளட்சை விட்டு அணைத்துவிட வேண்டும்.

இப்போது உங்கள் பம்ப். வெளியே இருக்கும் இணைப்புக் கம்பிகளை முதலில் கழற்றிவிடுங்கள். பல சமயம் துரு அங்கேதான் இருக்கும், பம்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். அதற்குப் பிறகும் லீவர் இறுகியிருந்தால் பம்பின் பக்க மூடியைக் கழற்றுங்கள். உள்ளே ஆறு ஸ்பிரிங், டீசலை அழுத்தி நாசிலுக்கு அனுப்பும் ஆறு பிளஞ்சர் வரிசையாகத் தெரியும். டார்ச் அடித்துக்கொண்டு, ஒருவர் கிராங்கை மெதுவாகச் சுற்ற, ஒவ்வொன்றையும் பாருங்கள். நல்ல பிளஞ்சர் கேமோடு ஏறி, ஸ்பிரிங்கோடு இறங்கும். ஒட்டியது மேலேயே நின்றுவிடும், கீழே டாப்பெட் மட்டும் இறங்கி நடுவில் இடைவெளி தெரியும். ஒரே ஒரு பிளஞ்சர் ஒட்டினாலும் முழு ராக்கும் நிற்கும், ஏனென்றால் ராக்கின் பற்கள் ஆறு பிளஞ்சரையும் ஒன்றாகத் திருப்புகின்றன. அதனால் லீவரை அடித்தோ, ராக் முனையில் சுத்தியல் வைத்தோ தள்ள வேண்டாம். பற்சக்கரத்தின் கிளாம்ப் நகர்ந்தால் அந்தச் சிலிண்டரின் டீசல் அளவே மாறிப்போகும்.

எது ஒட்டியிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். அடுத்த படியை அதை வைத்துச் சொல்கிறேன்.

லாக்ரிங்_காவல்:

வீல் பற்றி நான் எழுதுகிறேன். இதில் மட்டும் தயவுசெய்து அவசரம் வேண்டாம். பழைய லாரி வேலையில் ஆளைக் கொல்லக்கூடிய பாகம் இதுதான்.

உங்கள் வண்டியில் டிஸ்க், பக்க ரிங், லாக் ரிங் என்று தனித்தனியாகப் பிரியும் அமைப்பு. சில டிஸ்க்கில் இரண்டு ரிங்கும் ஒன்றாகவே இருக்கும். டயருக்குள் காற்று ஏறியதும் டன் கணக்கில் அழுத்தம் அந்த ரிங்கின் மேல் உட்காருகிறது. அதைப் பிடித்துவைத்திருப்பது டிஸ்க்கின் விளிம்பில் ஓடும் ஒரு சின்னப் பள்ளம் மட்டுமே. 30 வருடத் துரு அந்தப் பள்ளத்தைத்தான் தின்றிருக்கும்.

டயர் தட்டையாகத் தெரிவதால் காற்று இல்லை என்று நினைக்காதீர்கள். ஒரே ஒரு வீல் நட்டைத் தொடும் முன் ஆறு டயரின் வால்வு பின்னையும் கழற்றுங்கள். பின்புறம் இரட்டை வீல் என்பதால் உள் டயரையும் சேர்த்து. பின்னைக் கழற்றிய பிறகு வால்வுக்குள் மெல்லிய கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். துருத்தூள் அடைத்துக்கொண்டு உள்ளே காற்று நிற்பது உண்டு. ஸ்டட் முனையில் குறி இருக்கிறதா பாருங்கள். பல பழைய லாரிகளில் இடப்பக்கம் இடது மரை. தெரியாமல் பைப் போட்டு ஏறி மிதித்தால் ஸ்டட் முறியும்.

கழற்றிய வீலைத் தரையில் ரிங் பக்கம் மேலே இருக்கும்படி போட்டு, டயர் விளிம்பைச் சுற்றிலும் துரு இளக்கும் ஆயிலை ஊற்றி ஒரு நாள் விடுங்கள். பிறகு டயரை டிஸ்க்கிலிருந்து இரண்டு பக்கமும் பெயர்த்துக் கீழே அமுக்கினால்தான் லாக் ரிங் தெரியும். ரிங்கில் லிவர் போட ஒரு வெட்டு இருக்கும். அங்கிருந்து தொடங்கிச் சுற்றிவர எடுங்கள். கேஸ் வைத்துச் சூடாக்குவது கூடவே கூடாது. டயர் மாட்டியிருக்கும் டிஸ்க்கில் வெல்டிங்கும் கூடாது, காற்று இறக்கியிருந்தாலும் சரி. உள்ளே ரப்பர் சூடாகி வாயு சேர்ந்து வெடிக்கும்.

பிரித்ததும் பள்ளத்தைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்து, விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, உருண்டு தேய்ந்துவிட்டதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். பூசணிக்காய்க் கீற்று மாதிரி தகடு தகடாக உரிந்தால் அந்த டிஸ்க் காட்சிக்கு மட்டுமே. லாக் ரிங்கைச் சமதரையில் வைத்தால் முழுவதும் படிய வேண்டும். முறுக்கினது, முனை விரிந்தது எல்லாம் பழைய இரும்புக்கே போகட்டும், தட்டி நிமிர்த்த வேண்டாம். ஒவ்வொரு ரிங்குக்கும் அதன் டிஸ்க்குக்கும் ஒரே எண்ணைப் பெயிண்டால் எழுதிவிடுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் வேறு கம்பெனி ரிங் உட்கார்ந்ததுபோலவே தெரியும், பிரஷர் ஏறியதும் பறக்கும்.

காற்று அடிப்பது இரும்புக் கூண்டுக்குள் மட்டும். வால்வில் கவ்வி நிற்கும் கிளிப், 3 மீட்டர் ஹோஸ், கையில் கேஜும் திறப்பும். நீங்கள் நிற்பது வீலுக்கு நேரே அல்ல, டயரின் ஓடுதளப் பக்கம். கொஞ்சம் காற்று ஏற்றி நிறுத்தி, ரிங் சுற்றிலும் உட்கார்ந்ததா என்று பாருங்கள். உட்காரவில்லை என்றால் முழுக் காற்றையும் இறக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து. காற்று இருக்கும்போது சுத்தியலால் தட்டி உட்காரவைக்கும் பழக்கம் இன்னும் பல இடத்தில் இருக்கிறது. அந்த ஒரு தட்டுதான் பலருக்குக் கடைசி வேலையாகியிருக்கிறது.

இன்னொன்று: வண்டி ஓடத் தொடங்கிய பிறகும் எந்த டயராவது குறிப்பிட்ட பிரஷரில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கி ஓடியிருந்தால், அப்படியே வண்டியிலேயே காற்றை ஏற்றாதீர்கள். முழுக்க இறக்கி, கழற்றி, பிரித்துப் பார்த்த பிறகே. டியூபும், டியூபுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே வரும் ரப்பர் பட்டையான ஃபிளாப்பும் புதிதாகப் போடுங்கள். பழைய ஃபிளாப் கெட்டியாகி ஓரம் மடிந்து டியூபை அறுத்துவிடும்.

டபுள்_கிளட்ச்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு சிரமம் எதற்கு? ஓஎம் 352 என்ஜின் போட்டுவிட்டால் நேரடி இன்ஜெக்ஷன், 5.7 லிட்டர், ஸ்டார்ட்டுக்கு முன் சூடேற்றும் ஹீட்டர் பிளக் தொல்லையே இல்லை, பாகங்களும் எளிதாகக் கிடைக்கும். அதே குடும்பத்து என்ஜின்தானே.

கவர்னர்_தோல்:

@டபுள்_கிளட்ச், தினமும் சுமை ஏற்றும் வண்டியாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. 352 அருமையான என்ஜின், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த வண்டியை இந்த வண்டியாக்குவது 90 மிமீ போர், 120 மிமீ ஸ்ட்ரோக், 4.58 லிட்டர், ப்ரீசேம்பர் எரிப்பு (டீசல் முதலில் ஒரு சின்னத் தனி அறையில் பற்றும் முறை). டெல்கோவும் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) டைம்லர்-பென்ஸும் 1954ல் கைகோத்தபோது ஜாம்ஷெட்பூரில் தயாரான லாரியும் எல் 312 தான். அந்தக் காலத்து லாரிகளில் பல என்ஜின் மாறி மாறியே ஓடித் தேய்ந்தன. சொந்த என்ஜினோடு, அதுவும் கிராங்க் சுற்றும் நிலையில் கிடைத்ததை எடுத்துப்போடுவது மனசுக்கு ஒப்பவில்லை. அப்படியே மாற்றினாலும் பழைய என்ஜினையும் பம்பையும் நம்பர் தகட்டோடு ஆயில் பூசிப் பெட்டியில் வைக்க வேண்டும், பிரித்து விற்கக் கூடாது.

மூக்குவண்டி_312:

என்ஜினை மாற்றும் எண்ணம் இல்லை. பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தேன். 2வதும் 5வதும் மேலேயே நிற்கின்றன. மற்ற நான்கும் நன்றாக இறங்குகின்றன. பம்பின் அடியில் இருந்த ஆயில் தண்ணீர் மாதிரி, டீசல் வாசனை. கவர்னர் மூடியைத் திறந்தால் தோல் பழுப்பாக, அட்டை மாதிரி விறைப்பாக இருக்கிறது, ஓரத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு பிளவு.

கவர்னர்_தோல்:

அந்த நகக்கீறல் போதும், தோலை மாற்றியே ஆக வேண்டும். எண்ணெய் தடவி மிருதுவாக்கினால் பிளவு மூடாது, மடிப்பில் இன்னும் பெரிதாகும். புதிது போட்டதும் இப்படிச் சோதியுங்கள்: ஸ்டாப் லீவரை முழுக்க ஸ்டாப் பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வெற்றிடக் குழாய் சேரும் யூனியன் வாயை விரலால் அடைத்து, லீவரை விடுங்கள். ராக் அங்கேயே நின்று மெதுவாக ஊர்ந்தால் நல்லது. டக்கென்று திரும்பினால் எங்கோ காற்று போகிறது. தோல் நன்றாக இருந்தும் திரும்பினால் ராக் தண்டு அறைக்குள் நுழையும் இடத்தையும் மூடியின் பொருத்தத்தையும் பாருங்கள். இந்தச் சோதனைக்கு ராக் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும், ஆகவே முதலில் பிளஞ்சர்.

2க்கும் 5க்கும் மேலே டெலிவரி வால்வு ஹோல்டரைக் கழற்றி, வால்வையும் ஸ்பிரிங்கையும் தனித்தனிக் கிண்ணத்தில் எண் போட்டு வையுங்கள். மேலிருந்து டீசலும் துரு இளக்கும் ஆயிலும் கலந்து நிரப்பி இரண்டு மூன்று நாள் விடுங்கள், தினம் ஒரு தடவை நிரப்புங்கள். ஒட்டவைத்திருப்பது பெரும்பாலும் துரு அல்ல, காய்ந்த டீசலின் மஞ்சள் பிசின். பிறகு ஒரு வழுவழுப்பான பித்தளைக் கம்பியால் மேலிருந்து லேசாக அமுக்கிப் பாருங்கள். இறங்கினால் கிராங்கைச் சுற்றி மேலே ஏற்றி, மறுபடி ஆயில், மறுபடி இறக்கு. பத்துப் பதினைந்து தடவையில் தானாகவே ஸ்பிரிங்கோடு இறங்கத் தொடங்கும். ஸ்குரூ டிரைவரை ஸ்பிரிங் தட்டில் கொடுத்து நெம்பாதீர்கள். பிளஞ்சருக்கும் அது ஓடும் உறையான பேரலுக்கும் நடுவில் இருப்பது சில மைக்ரான் இடைவெளி. ஒரு கீறல் விழுந்தால் ஜோடியே வீண். ஒன்றின் பிளஞ்சரை இன்னொன்றின் பேரலில் போடுவதும் அதேதான்.

ஒரு வாரம் ஊறியும் இறங்காவிட்டால் பம்பை இறக்கி, கேலிப்ரேஷன் மேசை உள்ள இடத்துக்குக் கொடுத்துவிடுங்கள். எலிமெண்டை (பிளஞ்சர்-பேரல் ஜோடியை) கழற்றினால் ஆறுக்கும் அளவு சரிபார்ப்பது அங்கேதான் நடக்கும். இறக்குமுன் 1வது சிலிண்டரைக் கம்ப்ரஷனில் இன்ஜெக்ஷன் குறிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, பம்பை என்ஜினோடு இணைக்கும் கப்ளிங்கின் இரு பக்கமும் சேர ஒரு கோடு கீறுங்கள். திரும்ப மாட்டும்போது கோட்டை மட்டும் நம்ப வேண்டாம். 1வது டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, ஹோல்டரில் வளைந்த குழாய் மாட்டி, கை பம்பால் டீசலை அனுப்பிக்கொண்டே கிராங்கை ஓடும் திசையில் திருப்புங்கள். தாரை மெலிந்து, பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒரு சொட்டு என்று ஆகும் இடம்தான் இன்ஜெக்ஷன் தொடக்கம். குறி அங்கே நிற்க வேண்டும்.

பம்புக்குள் டீசல் சேர்ந்தது என்று சொன்னீர்களே, அது பம்பின் பக்கத்தில் மாட்டியிருக்கும், டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்பின் தண்டு தேய்ந்து கசிந்திருக்கலாம். அதைப் பார்க்காமல் புது ஆயில் ஊற்றினால் மறுபடி நீர்த்து, கேமும் பேரிங்கும் காய்ந்து ஓடும்.

பழைய_எழுத்து:

கதவுக்கு வருகிறேன். சாண்ட்பேப்பர் எடுக்கும் முன் கேமரா எடுங்கள். இருட்டில், கதவுக்குப் பக்கவாட்டில் இருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்தால் மேல்பெயிண்டுக்கு அடியில் இருக்கும் எழுத்தின் விளிம்பு மேடாகத் தெரியும். பெயிண்டர் தூரிகையைத் தூக்கிய இடம், எழுத்துக்கு நிழல் போட்ட கோடு வரை தெரியும். எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து, கதவின் மேல் தெளிந்த பிளாஸ்டிக் தாளை ஒட்டி, தெரிந்தவரை அப்படியே கோடு இழுத்து வையுங்கள். பின்னால் எது நடந்தாலும் அந்தத் தாள் இருக்கும்.

பிறகு ஓரத்தில் 5 செமீ சதுரத்தில் மட்டும் சோதனை. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு உருட்டுங்கள், தேய்க்க வேண்டாம். மேல்பெயிண்ட் இளகிப் பஞ்சில் ஒட்டி, அடியெழுத்தின் நிறம் பஞ்சில் வராமல் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதே வேகத்தில் ஒவ்வொரு அங்குலமாகப் போகலாம். இரண்டு நிறமும் சேர்ந்து வந்தால் உடனே நிறுத்துங்கள். தின்னர் போட்டால் இரண்டும் ஒன்றாகக் கரைந்து போய்விடும். சில சமயம் மேல்பெயிண்ட் சரியாகப் பிடிக்காமல் செதில் செதிலாக நிற்கும். அங்கே மழுங்கிய பிளாஸ்டிக் தகட்டால் தூக்கினாலே வந்துவிடும்.

அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த தேய்ப்பு, ஹீட் கன் இரண்டும் வேண்டாம். ஈரமாகவே வேலை, முகக்கவசத்தோடு.

எழுத்து வெளியே வந்ததும் பளபளப்புக்காக ஆளி எண்ணெய் தடவச் சொல்வார்கள். தடவாதீர்கள். அது பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து, சில வருடத்தில் கருத்துவிடும், திரும்ப எடுக்கவும் முடியாது. மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு மெல்லிய பூச்சாகப் போதும், வேண்டும்போது துடைத்தெடுக்கலாம். கதவின் கீழ் ஓரம் துருவில் ஓட்டையாகியிருந்தால் அந்தப் பட்டையை மட்டும் வெட்டித் தகடு வையுங்கள். முழுக் கதவையும் புதிதாக்கி மேலே அதே எழுத்தை மறுபடி எழுதலாம் என்பார்கள். எழுதலாம், ஆனால் அது நகல். முதல் ஆள் போட்ட தூரிகைக்கோடு ஒரு தடவைதான் கிடைக்கும்.

லாக்ரிங்_காவல்:

ஒரு சேர்க்கை. வீல் கழற்றியதும் பிரேக் டிரம்மைத் திறப்பீர்கள். உள்ளே இருக்கும் தூளை ஏரால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் உண்டு. தண்ணீர் தெளித்து நனைத்துத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். பிரேக்கின் ஹைட்ராலிக் ஹோஸ்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். உள்ரப்பர் ஊதிப்போனால் மிதிக்கும்போது ஆயில் போகும், விடும்போது திரும்பாது. டிரம் பிடித்தபடியே சூடாகும்.

மூக்குவண்டி_312:

2வது பிளஞ்சர் நாலாவது நாளில் விட்டுக்கொடுத்தது. 5வது அசையவில்லை, பம்பை இறக்கப் போகிறேன். அது திரும்பி வந்ததும் முதல் ஸ்டார்ட்டுக்கு என்ன வரிசை?

கவர்னர்_தோல்:

டேங்கை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 5 லிட்டர் சுத்தமான டீசலை ஒரு கேனில் உயரமாக வைத்து ஃபீட் பம்புக்கு நேராகக் கொடுங்கள், ரிட்டர்ன் குழாயும் அதே கேனுக்கு. நாசில்களை மாட்டும் முன்பே ராக்கை ஸ்டாப்பில் கட்டிவைத்து, 10 விநாடி ஸ்டார்ட்டர், ஒரு நிமிடம் ஓய்வு என்று ஆயில் பிரஷர் முள் எழும் வரை சுற்றுங்கள். ராக்கர் கவரைத் திறந்து வைத்து, எல்லா வால்வும் இறங்கி ஏறுகிறதா, ராக்கர் வரை ஆயில் வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஒட்டிய வால்வு இருந்தால் புஷ் ராட் வளைவது இங்கேதான்.

ஹீட்டர் பிளக் ஆறும் இதில் வரிசையாக, ஒன்றின் வழியே மற்றொன்றுக்கு மின்சாரம் போகும் அமைப்பு. ஒன்று அறுந்தால் ஆறும் இல்லை. ஒவ்வொன்றும் 2 வோல்ட்டுக்கும் குறைவாக வேலை செய்யும் சாமான், சோதிக்கிறேன் என்று நேராக பேட்டரியில் தொட்டால் கண் இமைக்கும் நேரத்தில் எரிந்துபோகும். மீட்டர் வைத்துத் தொடர்ச்சி மட்டும் பாருங்கள். ஈதர் ஸ்பிரே அடிக்கவே கூடாது. சிவந்த பிளக்கில் பட்டு, பிஸ்டன் மேலே வரும் முன்பே வெடித்து ரிங் பள்ளத்தை உடைக்கும்.

ஏர் எடுக்கும் வரிசை: ஃபில்டர் உள்வாய், ஃபில்டர் வெளிவாய், பம்பின் பிளீடிங் ஸ்குரூ. குமிழி நின்றதும் மூடி, நாசிலுக்கு வரும் குழாய்களின் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, டீசல் துடிக்கும் வரை சுற்றி, இறுக்குங்கள்.

ஏர் கிளீனரைக் கழற்றி வையுங்கள். இன்டேக் வாயைவிடப் பெரிதாக ஒரு கெட்டிப் பலகை, அதன் முகத்தில் ரப்பர் ஷீட் ஒட்டியது, இன்டேக் பக்கத்தில் ஒருவர் கையில் இருக்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். வேகம் தானாக ஏறினால் ஸ்டாப்பை இழுப்பது நீங்கள், பலகையை அடைப்பது அவர், இரண்டும் ஒரே நேரத்தில். உள்ளங்கையோ துணியோ வைக்கக் கூடாது, இழுத்துக்கொள்ளும். டீசல் குழாயை மூடினால் நிற்கும் என்று காத்திருக்கவும் கூடாது, பம்புக்குள்ளும் ஃபில்டரிலும் இருக்கும் டீசலே என்ஜினைக் கெடுக்கப் போதும்.

பிடித்துவிட்டால் ஐடிலில் மட்டும் விடுங்கள், பெடலைத் தொட வேண்டாம். ஐடில் ஏறி இறங்கி ஊசலாடினால் பதறாதீர்கள், புதுத் தோலுக்கு அது வழக்கம். முதலில் வெற்றிடக் குழாயின் யூனியன்களை இறுக்கிப் பாருங்கள், அதற்குப் பிறகுதான் கவர்னரில் உள்ள ஐடில் ஸ்குரூ. 5 நிமிடத்தில் ஸ்டாப் நாபை இழுத்தே அணையுங்கள். ஆறியதும் பம்பின் ஆயில் அளவைப் பாருங்கள். ஊற்றியதைவிட ஒரு கோடு ஏறியிருந்தால் ஃபீட் பம்ப் இன்னும் கசிகிறது, இரண்டாவது ஸ்டார்ட்டுக்கு முன் அதைக் கழற்றுங்கள்.